போஸ்ட்கிரெஸ் பதிப்பை உயர்த்தும்போது நீட்சிகளைக் கையாளும் முறை

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 13-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 நவம்பரில் முடிந்துவிட்டதால், அதிலிருந்து 17-க்கு மாறுவதையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அட்டவணைகளும் தரவும், பதிப்பு மாற்றத்துக்கென உள்ள பிஜி_அப்கிரேட் கருவியின் உதவியால் பெரும்பாலும் சிக்கலின்றி வந்துசேர்ந்துவிடும். வேலை நடுவழியில் நிற்பது அநேகமாக கூடுதல் வசதிகளைச் சேர்க்கும், எக்ஸ்டென்ஷன் என்று நாம் சொல்லும் நீட்சிகளால்தான்.

பெரும்பாலான நீட்சிகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. வட்டில் உள்ள லைப்ரரி கோப்பு ஒன்று. தரவுத்தளத்துக்குள் பதிவாகியிருக்கும் ஃபங்ஷன்கள், தரவு வகைகள், வியூக்கள் (சேமித்துவைத்த வினவல்கள்) ஆகியவை மற்றொன்று. பிஜி_அப்கிரேட் இரண்டாவதை மட்டுமே எடுத்துச் செல்லும்; முதலாவதைப் புதிய பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்ட வடிவில் முன்கூட்டியே நிறுவிவைப்பது நம் பொறுப்பு. 13-க்கான கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தால் 17 அதை ஏற்காது, ஏனெனில் எந்தப் பெரும்பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டது என்ற குறிப்பு அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. நீட்சிகள் சர்வர் முழுமைக்கும் பொதுவானவை அல்ல, தரவுத்தளம்தோறும் தனித்தனியாக நிறுவப்படுபவை என்பதால், தானாகவே உருவாகும் டெம்ப்ளேட்1, போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்கள் உட்பட ஒவ்வொன்றிலும் நுழைந்து பிஜி_எக்ஸ்டென்ஷன் அட்டவணையைப் பார்த்துப் பெயரையும் பதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பயன்பாட்டுத் தரவுத்தளத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியல் முடிந்ததென்று நினைத்தேன். சோதனை ஓட்டம் தோல்வியடைந்தது. பிஜி_அப்கிரேட் எழுதிவைத்த லோடபிள்_லைப்ரரீஸ் என்ற உரைக்கோப்பைத் திறந்தால், அட்மின்பேக் என்ற நீட்சியின் லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரியும், அது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது என்று அடுத்த வரியும் இருந்தன. பிஜிஅட்மின் 3 என்ற நிர்வாகக் கருவியின் காலத்தில் யாரோ நிறுவியது அது. 17-ஆம் பதிப்பில் அட்மின்பேக் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டதால், பழைய சர்வரிலேயே டிராப் எக்ஸ்டென்ஷன் கட்டளையால் அதை அகற்றுவதுதான் வழி.

பட்டியலில் உள்ள மற்ற நீட்சிகளுக்கு 17-க்கான பொதிகளைப் புதிய சர்வரில் நிறுவுங்கள். ஆனால் அங்கே கிரியேட் எக்ஸ்டென்ஷன் கட்டளையை இயக்காதீர்கள், அந்த வரையறைகள் பழைய சர்வரிலிருந்தே வரும். ரெட் ஹேட் வகை லினக்ஸில் போஸ்ட்கிரெஸுடன் வெளிவரும் நீட்சிகள் அடங்கிய கான்ட்ரிப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அமைவுக் கோப்பு தானாக வராது என்பதால், சர்வர் தொடங்கும்போதே ஏற்ற வேண்டிய லைப்ரரிகளைச் சொல்லும் ஷேர்ட்_பிரீலோட்_லைப்ரரீஸ் வரியையும் நாமே எழுத வேண்டும். பிஜி_கிரான் (நேரப்படி வேலைகளை இயக்குவது), டைம்ஸ்கேல்டிபி (காலவரிசைத் தரவுக்கானது) போன்றவை அந்த வரியில் இல்லாவிட்டால் ஏறவே மாட்டா.

டைம்ஸ்கேல்டிபி பயன்படுத்துவோர் இங்கே நிதானிக்க வேண்டும். அதன் லைப்ரரி கோப்பின் பெயரிலேயே முழுப் பதிப்பெண் இருப்பதால், இரு சர்வர்களிலும் அச்சொட்டாக ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும். ஆனால் போஸ்ட்கிரெஸ் 13-ஐ ஆதரித்த கடைசி வரிசை 2.15, 17-க்கான ஆதரவு 2.17-இல்தான் வந்தது. இரண்டுக்கும் பொதுவான பதிப்பு இல்லாததால் ஒரே தாவலில் போக முடியாது. 2.15-ஐ வைத்து 16-க்குச் சென்று, அங்கே நீட்சியை உயர்த்தி, பிறகு 17-க்குப் போவதே சரியான பாதை. புவியியல் தரவுக்கான நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் இவ்வளவு கடுமை காட்டாது. 3-ஆம் வரிசை முழுவதற்கும் அதன் லைப்ரரி பெயர் ஒன்றே.

இவை முடிந்ததும் பிஜி_அப்கிரேடை, சோதனை மட்டும் செய்யும் செக் தெரிவுடன் இயக்கிப் பாருங்கள். தரவில் எதையும் அது மாற்றாது. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்கலாம். பிழை ஏதும் வராத வரை பராமரிப்பு நேரத்தை அறிவிக்காமல் இருப்பதே நல்லது.

மாற்றம் முடிந்த பிறகும் நீட்சிகளின் வரையறைகள் பழைய பதிப்பெண்ணிலேயே நிற்கும். உயர்த்த வேண்டியவை இருந்தால், அப்டேட்_எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற எஸ்கியூஎல் கோப்பைக் கருவியே எழுதிவைக்கும். அதை இயக்குமுன் படித்துப் பாருங்கள். வினவல்களின் புள்ளிவிவரங்களைத் தரும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சி 1.8-இலிருந்து 1.11-க்கு உயரும்போது அதன் வியூ அழிக்கப்பட்டு மறுபடி உருவாக்கப்படுகிறது. அதன்மீது நீங்கள் சொந்தமாக ஒரு வியூ எழுதியிருந்தால் ஆல்டர் எக்ஸ்டென்ஷன் கட்டளை பிழையுடன் நின்றுவிடும். உங்கள் வியூவின் வரையறையைச் சேமித்து, நீக்கி, உயர்த்தி, மீண்டும் உருவாக்க வேண்டும். பிளாக்_ரீட்_டைம் என்ற நெடுவரிசைக்கும் முன்னால் ஷேர்ட் என்ற சொல் சேர்ந்துவிட்டதால், கண்காணிப்பு வினவல்களையும் அதே நேரத்தில் திருத்த வேண்டியிருக்கும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்கு மட்டும் போஸ்ட்ஜிஐஎஸ்_எக்ஸ்டென்ஷன்ஸ்_அப்கிரேட் என்ற தனி ஃபங்ஷன் உண்டு; அதையே அழையுங்கள்.

கோப்புகளை நகலெடுக்காமல் பழையவற்றையே பகிர்ந்துகொள்ளும் லிங்க் முறையைப் பிஜி_அப்கிரேடில் தேர்ந்திருந்தால், புதிய சர்வரைத் தொடங்கிய கணத்திலிருந்து பழையதை நம்பித் திரும்ப முடியாது. காப்புப்பிரதிதான் ஒரே வழி. நகல் முறையில் செய்திருந்தால், நீட்சிகள் எல்லாம் உயர்ந்து, அவற்றைச் சார்ந்த வினவல்கள் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஓடியதைப் பார்த்த பிறகே பழைய அடைவை அழிக்கும் ஸ்கிரிப்டைத் தொடுங்கள்.