பல் பிடுங்கிய பின் குழியைக் காப்பது எப்படி?

பல்லைப் பிடுங்கிய இடத்தில் உண்டாகும் குழியில் இரத்தம் நிறைந்து, சற்று நேரத்தில் கருஞ்சிவப்புக் கட்டியாக உறைந்துவிடுகிறது. அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பதும், புண் ஆறிப் புதிய திசு வளர இடம் தருவதும் இந்த உறைகட்டிதான். மருத்துவர் சொல்லி அனுப்பும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இது கரையாமலும் பெயராமலும் இருப்பதற்காகவே என்று புரிந்துகொண்டால், அவற்றைக் கடைப்பிடிப்பது எளிது.

குழியின் மேல் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். இரத்தம் நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஊறும் எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிடுங்கள்; துப்பும்போதும் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போதும் வாய்க்குள் உண்டாகும் இழுவிசை கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். முதல் நாள் முழுவதும் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பே. ஒரு துளி இரத்தம் எச்சிலில் கலந்தாலே வாயெல்லாம் இரத்தம் போலத் தெரியும் என்பதால் பதற வேண்டாம். ஆனால் செந்நிற இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால், சுத்தமான துணியை மடித்து நனைத்துக் குழியின் மேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி அரை மணி நேரம் விடாமல் கடித்திருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மரத்துப்போகும் ஊசியின் வேகம் இறங்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை எதையும் மென்று தின்ன வேண்டாம். உதடோ கன்னமோ கடிபட்டாலும் தெரியாது. சிறு பிள்ளைகள் மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள் என்பதால், அந்த நேரத்தில் ஒருவர் கூடவே இருப்பது நல்லது. பிறகு ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்சாதம், பாலில் ஊறவைத்த இட்லி போன்றவற்றை மறுபக்கத்தால் சாப்பிடலாம். ஆவி பறக்கும் காபியும் காரமும் அன்றைக்கு வேண்டாம். முறுக்கு, நிலக்கடலை போன்றவற்றின் துணுக்குகள் குழியில் சிக்கிக்கொள்ளும் என்பதால், புண் ஆறும்வரை அவற்றைத் தள்ளிவைப்பதே நல்லது.

வீக்கத்தைக் குறைக்க, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, சற்று இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, பிறகு வடியும். இரவில் தலையணையைச் சற்று உயர்த்திப் படுங்கள். இரண்டு மூன்று நாள்களுக்குக் கனமான பொருள்களைத் தூக்க வேண்டாம். வலி மாத்திரையை மருத்துவர் எழுதிய அளவில் மட்டுமே சாப்பிட வேண்டும். வலிக்கென்று ஆஸ்பிரினைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டால் இரத்தக்கசிவு கூடும். இதயநோய்க்காக இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. பல் பிடுங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம் அது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம் என்பதால், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவே கூடாது. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழியவிடுங்கள். மற்றப் பற்களை மெதுவாகத் துலக்கலாம். குழியின் மேல் வெண்மையான படலம் தெரிந்தால் சீழ் என்று எண்ணிச் சுரண்ட வேண்டாம். அது பெரும்பாலும் புண் ஆறுவதன் அடையாளமே. குழிக்குள் விரலோ பல்குத்தியோ போகவே கூடாது.

பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை ஆகியவற்றை இந்த நாள்களில் கண்டிப்பாக விட்டிருக்க வேண்டும் என்பதை நான் அழுத்தியே சொல்வேன். உறைகட்டி பெயர்ந்து எலும்பு வெளிப்பட்டுவிட்டால், குறைந்துவந்த வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திரும்ப வந்து, காது வரை குத்தி இழுக்கும், குழி வெறுமையாகத் தெரியும், வாயும் நாறும். இதை உலர்குழி என்பார்கள். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லை, குறிப்பாக ஞானப் பல்லைப் பிடுங்கியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. வீட்டில் கிராம்பை இடித்துக் குழியில் திணிப்பது கூடாது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி வெகுவாகத் தணிந்துவிடும்.

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்ற அச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறு என்பதால், அந்த அச்சத்தால் சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு துன்பப்பட வேண்டாம். உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு: மூன்று நாளுக்குப் பின்னும் கூடிக்கொண்டே போகும் வீக்கம், காய்ச்சல், சீழ், வாயைத் திறக்க முடியாமை ஆகியவை தெரிந்தால் அன்றே பல் மருத்துவரைப் பாருங்கள். நாக்கின் அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.