ஒரே பருத்திச் சேலையில் ஜன்னல் திரை, குஷன் உறை, கால்மிதி

வீட்டை அழகுபடுத்த வேண்டும் என்று தோன்றியதும் கடைக்குக் கிளம்ப வேண்டாம். முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். கட்டாமல் கிடக்கும் பருத்திச் சேலை ஒன்றாவது இருக்கும். அது ஏற்கெனவே நெய்து, சாயம் ஏற்றி முடித்த துணி. புதுத் துணி வாங்கினால் அத்தனையும் மறுபடி நடக்க வேண்டும். சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்று நமக்குத் தெரியும். 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. அதனால் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று எழுதி விற்கும் புதுத் திரையைவிட, கையில் இருக்கும் பழைய சேலையே மேல் என்பேன்.

தையல் மிஷின் தேவையில்லை. ஊசி, நூல், கத்தரி, டேப், சாக்பீஸ் போதும்.

1. சேலையைத் தேர்ந்தெடுங்கள்

முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, கால்மிதிக்கு ஆகாது. இன்னும் கட்டக்கூடிய நல்ல சேலையை வெட்டாதீர்கள். அதை யாருக்காவது கொடுத்துவிடலாம். சுங்குடி போன்ற மெல்லிய சேலையில் வெளிச்சம் இதமாக வடிகட்டி வரும். கண்டாங்கி கொஞ்சம் தடிமன், ஆனால் அதன் கட்டங்களே கோடு போட்டதுபோல் வெட்ட வழிகாட்டும். புதிதாகத் தைக்கப் பழகுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

சேலையைத் துவைத்துக் காயவைத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். அங்கே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சேலையின் கீழ்க்கரையில் உள்பக்கமாகத் தைத்திருக்கும் ஃபால்ஸ் பட்டையைப் பிரித்துத் தனியே வையுங்கள்.

2. வெட்டுவதற்கு முன் கணக்கு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அகலம் ஏறக்குறைய 45 இஞ்ச். இதை இப்படிப் பிரிக்கலாம்:

முந்தானைப் பக்கம் 3 அடி, இரண்டு குஷன் உறைகளுக்கு.
நல்ல நிலையில் உள்ள 9 அடி, இரண்டு திரைகளுக்கு.
மீதி 6 அடி, கால்மிதிக்கு. நைந்த பகுதி இதில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இது 4 அடி உயரம், 4 அடி அகலம் உள்ள ஜன்னலுக்கான கணக்கு. உங்கள் ஜன்னலை அளந்து, திரை தொங்கும் உயரத்தோடு 6 இஞ்ச் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. திரை

நாலரை அடித் துண்டு இரண்டு. இருபக்கமும் கரை இருப்பதால் நூல் பிரியாது, ஓரம் அடிக்க வேண்டாம். மேலே 4 இஞ்ச் மடித்துக் கம்பி நுழைய இடம் விட்டுத் தையுங்கள். கீழே 2 இஞ்ச் மடித்துத் தைத்தால் முடிந்தது. இரண்டையும் கோர்த்தால் துணியின் அகலம் ஜன்னலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். அதனால்தான் கொசுவம் அழகாக விழும்.

4. குஷன் உறை

முந்தானையைச் சேலையின் குறுக்கே 17 இஞ்ச் அளவில் இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 17-க்கு 45, இரு முனையிலும் கரை. நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, இரண்டு கரைகளையும் நடுப்பக்கம் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி மடியுங்கள். மடித்த அகலம் 16 இஞ்ச் வர வேண்டும். மேலும் கீழும் திறந்திருக்கும் ஓரங்களை அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்துப் புரட்டினால் 16 இஞ்ச் சதுர உறை தயார். ஜிப்பும் பொத்தானும் வேண்டாம். துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால் குஷன் வெளியே வராது. உள்ளே வைக்கும் குஷனுக்குள் பழைய தலையணையின் இலவம்பஞ்சை வெயிலில் உலர்த்தி அடைக்கலாம்.

5. கால்மிதி

இதற்குத்தான் பொறுமை வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

6 அடித் துண்டின் கரைகளை முதலில் வெட்டி எடுங்கள். திரையை ஒதுக்கிக் கட்டும் நாடா அதுதான். மீதியை 2 இஞ்சுக்கு ஒரு முறை கத்தரியால் லேசாக வெட்டிவிட்டு, கையால் நீளவாக்கில் கிழியுங்கள். பருத்தி நூல் பிடித்து நேராகவே கிழியும். குஷன் உறையில் மிஞ்சிய 2 இஞ்ச் துண்டும் ஃபால்ஸும் (அது பருத்தி என்றால்) இதில் சேரட்டும்.

மூன்று பட்டைகளைச் சேர்த்து ஜடை பின்னுங்கள். பட்டை தீரும்போது முடிச்சுப் போடாதீர்கள், காலில் உறுத்தும். பழைய பட்டையின் முனையிலும் புதியதன் முனையிலும் சின்னத் துளை வெட்டுங்கள். பழைய முனையைப் புதியதன் துளைக்குள் நுழைத்து, புதியதன் வால்நுனியைப் பழையதன் துளை வழியாக இழுத்தால் தட்டையாக இறுகிக்கொள்ளும். மூன்று பட்டைகளும் ஒரே இடத்தில் தீராதபடி நீளத்தை முன்பின் ஆக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஜடையைத் தரையில் வைத்து, நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே பக்கவாட்டில் கெட்டி நூலால் தையுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் கிண்ணம்போல் குழிந்துவிடும். நூலை ரொம்ப இறுக்கினாலும் அப்படித்தான். ஓரம் அலைபோல் நெளிந்தால் ஜடை தளர்வாகச் சுற்றியிருக்கிறது. இரண்டு சுற்றுப் பிரித்துத் திரும்பத் தையுங்கள். ஏறக்குறைய ஒன்றேகால் அடி வட்டம் கிடைக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் இது வழுக்கும். பெரியவர்கள் நடக்கும் வழியிலும் படிக்கட்டுப் பக்கத்திலும் போடாதீர்கள்.

வெட்டும்போது விழுந்த நூலையும் துணுக்குகளையும் பொடியாக நறுக்கிப் பஞ்சோடு சேர்த்துக் குஷனுக்குள் தள்ளிவிடுங்கள். துணுக்கு அதிகமானால் குஷன் கனக்கும், பஞ்சே கூடுதலாக இருக்கட்டும்.

திரையைத் துவைக்கும்போது சோறு வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து அலசினால் விறைப்பாக நிற்கும். மடித்து எடுத்து வைப்பதானால் மட்டும் கஞ்சி போடாதீர்கள், பூச்சி அரிக்கும்.