உலகச் செய்தியில் வரும் பெரிய எண்களை அளந்து பார்ப்பது எப்படி?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோது எல்லாச் செய்திகளிலும் ஒரே எண்தான்: 51 பில்லியன் டாலர். அது பெரிய கடனா? அமெரிக்க அரசின் அந்த ஆண்டுப் பற்றாக்குறை சுமார் 1.4 டிரில்லியன் டாலர். 51 பில்லியன் அதில் இரண்டு வாரத்துக்குக்கூடக் காணாது. அதே தொகைதான் ஒரு நாட்டையே பெட்ரோல் வரிசையில் நிறுத்தியது. எண் பெரிதா சிறிதா என்பது அதை எதால் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எதால் வகுப்பது என்று தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டால் போதும், மீதியைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

தேவையானவை: ஒரு தாள், கைபேசி, அரை மணி நேரம். தாளின் மேல் ஓரத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். உலக மக்கள்தொகை 800 கோடிக்குச் சற்று மேல். உலகின் ஓராண்டு மொத்த உற்பத்தி, அதாவது ஜிடிபி, 100 டிரில்லியன் டாலருக்குச் சற்று மேல். இந்தியாவில் 140 கோடிக்கு மேல் மக்கள், ஜிடிபி 4 டிரில்லியனை ஒட்டி. தசமப் புள்ளிக்குப் பின்னால் போக வேண்டாம். இங்கே தேவைப்படுவது உத்தேசக் கணக்குதான்.

படி 1: நம் கணக்குக்கு மாற்றுங்கள்

மில்லியன் = 10 லட்சம். பில்லியன் = 100 கோடி. டிரில்லியன் = 1 லட்சம் கோடி. அப்படியானால் 51 பில்லியன் டாலர் என்பது 5,100 கோடி டாலர். இந்த மாற்றத்திலேயே பாதித் தவறுகள் நடக்கின்றன. ஒரு சைபர் விட்டுப்போனால் பிரச்சினை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஜெர்மன் செய்திகளை மொழிபெயர்ப்புச் செயலியில் படிப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு: ஜெர்மனில் ‘பில்லியோன்’ என்றால் ஆங்கில டிரில்லியன், ஆங்கில பில்லியனுக்கு அங்கே ‘மில்லியார்டே’. பிரெஞ்சிலும் இதே கதைதான்.

படி 2: தொட்டியா, குழாயா?

கடன் தொட்டியில் நிற்கும் தண்ணீர். பற்றாக்குறையும் ஜிடிபியும் ஏற்றுமதியும் ஓராண்டில் குழாய் வழியாக வந்தவை. எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆண்டுக்கு’, ‘மாதத்துக்கு’, ‘இதுவரை மொத்தம்’ என்று ஏதாவது ஒன்றை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: தேங்கி நின்றது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது. நாளொன்றுக்கு 9 முதல் 10 பில்லியன் டாலர் சரக்கு தடைபட்டது என்ற மதிப்பீடு உலகம் முழுக்கச் சுற்றியது. பலர் அதையே நஷ்டமாக எழுதினார்கள். சரக்கின் பெரும்பகுதி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நஷ்டம் என்பது அந்தத் தாமதத்தின் விலை மட்டுமே, அது மிகச் சிறிய பங்கு.

பணவீக்கத்திலும் இதே குழப்பம். கொழும்பு விலைக் குறியீட்டின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் சுமார் 70 சதவீதம், ஓராண்டு கழித்து 1.3 சதவீதம். விலை குறைந்துவிட்டதா? இல்லை. 100 ரூபாய்ப் பொருள் 170 ஆனது, பிறகு 172 ஆனது. குறைந்தது ஏறும் வேகம்தான்.

படி 3: எதால் வகுப்பது?

உக்ரைன் போருக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் கோதுமை ஏற்றுமதி செய்தது. உலக விளைச்சல் 78 கோடி டன் அளவில் இருந்தது. வகுத்தால் இரண்டரை சதவீதம். ‘இதற்கா இவ்வளவு பதற்றம்’ என்று தோன்றும். ஆனால் விளையும் கோதுமையில் பெரும்பகுதி விளைந்த நாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. நாடு விட்டு நாடு போவது 20 கோடி டன் போலத்தான். அதால் வகுத்தால் 10 சதவீதம். எகிப்தின் பக்கம் நின்று பாருங்கள்: அது இறக்குமதி செய்த கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தது. மூன்று கணக்கும் சரி. சந்தை விலை ஏன் எகிறியது என்று கேட்டால் இரண்டாவது விடை, எகிப்தில் ரொட்டிக்கு என்ன ஆகும் என்று கேட்டால் மூன்றாவது. முதல் கணக்கு இந்த இரண்டு கேள்விகளுக்குமே உதவாது.

அரசியல் பிரச்சினைக்கும் இதே வழிதான். 2015இல் ஜெர்மனிக்கு வந்த அகதிகள் கிட்டத்தட்ட 9 லட்சம் பேர், நாட்டின் மக்கள்தொகை 8 கோடிக்கு மேல். ஏறக்குறைய 90 பேருக்கு ஒருவர். லெபனானில் பதிவு செய்த சிரிய அகதிகள் 2014இலேயே 10 லட்சத்தைத் தாண்டினார்கள், உள்ளூர் மக்களோ அரைக் கோடிக்கும் குறைவு. அங்கே நாலைந்து பேருக்கு ஒருவர். உலகத் தொலைக்காட்சிகளில் அதிகம் ஓடியது எந்த நாடு என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

படி 4: எப்போது கட்ட வேண்டும், எந்தப் பணத்தில்?

புதிதாகப் பழகுபவர்கள் கடனை ஜிடிபியால் வகுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் ஜப்பான் எப்போதோ மூழ்கியிருக்க வேண்டும். அதன் அரசுக் கடன் ஜிடிபியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், விகிதத்தில் இலங்கையைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் அந்தக் கடன் யென்னில் இருக்கிறது, பெரும்பகுதி உள்நாட்டிலேயே வாங்கியது. இலங்கையின் 51 பில்லியன் வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டியது. அந்தப் பணத்தை இலங்கையால் அச்சடிக்க முடியாது.

இப்போது தாளில் போட்டுப் பாருங்கள். 5,100 கோடி டாலரை 2.2 கோடி மக்களால் வகுத்தால் தலைக்குச் சுமார் 2,300 டாலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்தது: தலைக்கு 4.6 லட்சம். மே மாதம் 360ஐத் தொட்டது: 8.3 லட்சம். ஒரு டாலர்கூடப் புதிதாகக் கடன் வாங்காமல் இரண்டே மாதத்தில் இவ்வளவு ஏற்றம்.

அடுத்து கையிருப்பு, அதாவது மத்திய வங்கியிடம் உள்ள வெளிநாட்டுப் பணம். 2019 முடிவில் 7.6 பில்லியன் டாலர், 2022 மார்ச் முடிவில் 1.9 பில்லியன். அந்த 1.9இல் சுமார் 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியுடனான பணப் பரிமாற்ற ஏற்பாடு, நிபந்தனை காரணமாகக் கைவைக்க முடியாதது. மிச்சம் 0.4. மாத இறக்குமதிச் செலவு 1.7 பில்லியன் அளவில் இருந்ததால், அது ஒரு வாரத்துக்குத்தான் வரும். அந்த ஆண்டு கட்ட வேண்டிய தவணையோ 7 பில்லியனை ஒட்டி. ஏப்ரல் 12இல் கடன் கட்டுவதை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. ஏப்ரலில் கட்டாமல் விட்ட 7.8 கோடி டாலர் வட்டிக்கான 30 நாள் கூடுதல் அவகாசமும் மே 18இல் முடிந்தது. 5,100 கோடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாடு சம்பிரதாயமாகக் கவிழ்ந்தது 7.8 கோடியில்.

அதனால் ஒரு நாட்டின் கடன் நெருக்கடியை அளக்கும்போது மொத்தக் கடனைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை, செலவழிக்கக்கூடிய கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்கு வரும் என்பதும், அடுத்த 12 மாதத் தவணை எவ்வளவு என்பதும். மூன்று மாத இறக்குமதிக்குக் குறைந்தால் கவனிக்கத் தொடங்கலாம். மத்திய வங்கிகள் கையிருப்பை மாதாமாதம் வெளியிடுகின்றன.

படி 5: அளவுகோல் மாறியதா?

2025 ஜூனில் உலக வங்கி கடும் வறுமைக்கான கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. 2022ஆம் ஆண்டுக்கான ஏழைகளின் எண்ணிக்கை 71 கோடியிலிருந்து 84 கோடியானது. மாற்றம் நடந்தது ஏட்டில், யார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே கோட்டில் அளந்தவையா என்று பாருங்கள்.

படி 6: அகலம், ஆழம் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்

எத்தனை பேரைத் தொடுகிறது என்பது அகலம். தொட்டவரை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஆழம். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடாதீர்கள். உலக ஜிடிபியில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. எனவே அகலத்தில் சிறிது, ஆழத்தில் மிகப் பெரிது.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு. 2023இல் உலக நாடுகளின் ராணுவச் செலவு சுமார் 2.4 டிரில்லியன் டாலர் என்பது ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. குழாய் வகை, ஓராண்டுச் செலவு. உலக மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 300 டாலர். உலக ஜிடிபியில் 2.3 சதவீதம். அகலத்துக்கு இது போதும். ஆழத்துக்கு உக்ரைனைத் தனியாக எடுங்கள்: அதே ஆண்டு, அதே நிறுவனத்தின் கணக்கில், அந்நாட்டு ஜிடிபியில் 37 சதவீதம்.