புதியவர் அடுத்த சனிக்கிழமையும் வர: சிறிய இணையச் செஸ் குழு நடத்துவோருக்கு ஒரு செய்முறை

எங்கள் குழுவில் நாற்பது பேர்கூட இல்லை. லிசெஸ் தளத்தில் ஒரு டீம், பேசிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு போட்டி, அவ்வளவுதான். தொடங்கிய முதல் ஆண்டில், புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோரை இரண்டாவது சனிக்கிழமை காணவில்லை. தோற்றுப்போன வருத்தத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அப்படி நின்ற ஒருவரிடம் ஒருநாள் தொலைபேசியில் கேட்டேவிட்டேன். “தோற்றது பரவாயில்லை சார். நான்கு ஆட்டம் ஆடினேன், நான்கு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்ப்யூட்டரோடு ஆடியது போலவே இருந்தது” என்றார்.

அதன்பின் நாங்கள் மாற்றிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுக்ககத்திலோ அலுவலகத்திலோ பழைய மாணவர்களைச் சேர்த்தோ இப்போதுதான் குழு தொடங்கியிருப்பவர்களுக்காக இது. லிசெஸ்ஸை அறியாதவர்களுக்கு ஒரு வரி: பிரான்ஸைச் சேர்ந்த திபோ டுப்ளெஸி 2010-இல் தொடங்கிய தளம், விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது.

முதல் படி: ரேட்டிங் விழும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்

கணக்குத் தொடங்கிய எல்லோருக்கும் லிசெஸ், ஆட்ட பலத்தைக் காட்டும் ரேட்டிங்காக 1500 என்ற எண்ணைக் கொடுக்கிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். ‘இவருடைய பலம் எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை’ என்று தளம் சொல்வதுதான் அந்தக் கேள்விக்குறி. தளம் பயன்படுத்தும் கிளிக்கோ-2 கணக்குமுறையில், தெரியாதவரின் எண் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரிதாக மாறும். ஆகவே முதல் சில ஆட்டங்களில் தோற்பவருக்கு அது மாடிப்படியில் உருண்ட பந்தைப் போல இறங்கும். 1500 என்பது தான் சம்பாதித்தது என்று நினைத்திருப்பவருக்கு இது அவமானமாகப் படும்.

எனவே சேர்ந்த அன்றே நாங்கள் ஒரு செய்தி அனுப்புகிறோம்: “1500 என்பது எல்லோருக்கும் கொடுக்கும் தொடக்க எண். முதல் பத்துப் பதினைந்து ஆட்டத்தில் அது எங்கோ போய் நிற்கும். கேள்விக்குறி போன பிறகு பார்த்தால் போதும்.” எண்ணைப் பார்த்தாலே படபடப்பு வருகிறவர்களுக்கு, ரேட்டிங்கையே திரையில் காட்டாமல் மறைக்கும் வசதி அமைப்புகளில் உண்டு. பலருக்கு அது தெரியாது.

இரண்டாம் படி: முதல் ஆட்டத்தைத் தற்செயலுக்கு விடாதீர்கள்

குழுவின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை வரவேற்பாளராகப் போடுவது நாங்கள் செய்த பழைய தவறு. மரியாதை என்று நினைத்துச் செய்தோம். அவரோ பதினெட்டே நகர்வில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். இப்போது நடுத்தரமாக ஆடுகிற, பேச்சுத்துணை பிடிக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆட்டம் ரேட்டிங் இல்லாததாக இருக்கட்டும். நேரம் பதினைந்து நிமிடமும், நகர்வுக்குப் பத்து விநாடி கூடுதலும். இந்தக் கூடுதல் விநாடி முக்கியம். நகர்த்த நகர்த்த நேரம் சேரும் கடிகாரத்தை வடிவமைத்தவர் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர். 1992-இல் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அதை வைத்துத்தான் ஆடினார்கள். வென்ற நிலையில் இருப்பவர் கை நடுங்கி நேரத்தில் தோற்கும் கொடுமை அதனால் குறைகிறது. புதியவருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தில் அவரை இறக்கினால் சுட்டியை எங்கே அழுத்துவது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கை தவறி ராணியை வெட்டுப்படும் கட்டத்தில் வைத்துவிட்டால் நகர்வைத் திரும்பப் பெறக் கேட்கும் பொத்தான் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் கேட்டால் கொடுத்துவிடுங்கள். எதிராளியின் கடிகாரத்துக்கு அருகில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் அவருக்குப் பதினைந்து விநாடி போகும். போட்டிகளில் இவை கிடையாது, தனி ஆட்டங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பலத்தில் பெரிய இடைவெளி இருந்தால் காய் விட்டு ஆடுங்கள். என் தாத்தா திண்ணையில் என்னோடு ராணி இல்லாமல்தான் ஆடுவார்; நான் மூன்று மாதத்தில் ஜெயித்த பிறகு ஒரு யானையை மட்டும் விட்டார். லிசெஸ்ஸில் பலகையை நாமே அமைத்துச் சவால் அனுப்பலாம். குதிரையையோ யானையையோ எடுத்துவிட்டு அமைத்தால் போதும். அப்படி அமைத்த ஆட்டம் ரேட்டிங்கில் சேராது என்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஒன்று மட்டும்: கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் காய் விட்டால் சிலருக்கு அது குத்தும்.

மூன்றாம் படி: வணக்கம்

2008 ஜனவரியில், நெதர்லாந்தின் வெய்க் ஆன் சே ஊரில் நடந்த கோரஸ் போட்டியில், பல்கேரியாவின் செபாரினோவ் ஆட்டத்துக்கு முன் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுடன் கைகுலுக்க மறுத்தார். நடுவர் ஆட்டத்தையே ஷார்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். மேல்முறையீட்டில் மன்னிப்புக் கேட்டபின் மறுநாள் ஆட வைத்தார்கள். அதிலும் ஷார்ட்டே வென்றார். இணையத்தில் கை கிடையாது. அதனால் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதுவதுதான் நமக்குக் கைகுலுக்கல். தட்டச்சு செய்யச் சோம்பலாக இருந்தால் வாழ்த்துச் சொல்ல ஆயத்தப் பொத்தான்களே இருக்கின்றன.

பதில் வராவிட்டால் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள். சிறுவர்களுக்கான முறை ஒன்று லிசெஸ்ஸில் உண்டு. பெற்றோர் அதைப் போட்டுவிட்டால் அரட்டையே தெரியாது. உங்கள் வணக்கம் அந்தப் பிள்ளையை எட்டியிருக்காது.

எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே தொடங்குங்கள். பயனர்பெயருக்குப் பின்னால் பதினொரு வயதா அறுபது வயதா என்று யாருக்குத் தெரியும்? எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரை ஆறாம் வகுப்புச் சிறுமி தோற்கடித்தாள். ஆட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் “மன்னிச்சிடுங்க தாத்தா” என்று எழுதினாள். அவர் அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

நான்காம் படி: ஜெயித்துக்கொண்டிருக்கும்போது

ஒழுங்கு குலைவது பெரும்பாலும் தோற்பவரால் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் ஜெயிப்பவர்தான் அதிகம் சறுக்குகிறார்.

ராணியும் மந்திரியும் சேர்ந்து எஃப்7 சிப்பாயை வெட்டி நான்கே நகர்வில் மேட் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. புதியவரிடம் அதைக் காட்டிக் கைதட்டல் தேடாதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்றால், உடனே எப்படித் தடுப்பது என்றும் காட்டுங்கள்: சி6-இல் நிற்கும் குதிரை ஈ5 சிப்பாயைக் காத்திருக்க, ராணி எச்5-க்கு வந்த கணமே ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளினால் ராணி ஓட வேண்டியதுதான். இதைக் கற்றவர் அடுத்த வாரம் வேறு யாராவது அதே வித்தையைக் காட்டுவார்களா என்று காத்திருப்பார்.

மேட் வைக்க வழி இருந்தும் வைக்காமல் சிப்பாய்களையெல்லாம் ராணியாக்கி ஐந்து ராணிகளோடு ஊர்வலம் போவது வேண்டாம். ‘இன்னும் ஏன் ஆடுகிறீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதும் வேண்டாம். தோற்ற நிலையில் கௌரவமாக விலகுவது பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கம். கற்கிறவர் கடைசிவரை ஆடட்டும். ஒற்றை ராஜாவைத் துரத்தி மேட் வைப்பது எப்படி என்பதை அவர் அப்போதுதான் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிறார். போதாததற்கு, அவசரப்பட்டு ஸ்டேல்மேட் (ராஜாவுக்குச் செக் இல்லாமலேயே எதிராளிக்கு நகர்வே இல்லாமல் போய் டிரா ஆவது) ஆக்கி அரைப் புள்ளியை விட்டுக்கொடுக்கும் மேதைகள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.

எதிராளி திடீரென்று காணாமல் போனால், சிறிது நேரத்தில் தளம் உங்களுக்கு மூன்று வழி தரும்: வெற்றி கோரலாம், டிரா என்று முடிக்கலாம், காத்திருக்கலாம். நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. குழுவுக்குள் நடக்கும் தனி ஆட்டத்தில் காத்திருங்கள், அல்லது டிரா கொடுத்துவிட்டு மறுபடி ஆடுங்கள்.

ஐந்தாம் படி: ஆட்டம் முடிந்தபின் பத்து நிமிடம்

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரன் தோல்வியை ஒப்புக்கொண்டதும் பதினெட்டு வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். கண்ணீர் வழிந்தபடியே அவர் கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாகத் தொடக்கக் கட்டங்களில் திரும்ப அடுக்கினார். சென்னையில் செஸ் வகுப்புக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் புரியும், அது வகுப்பில் பழக்கிய பழக்கம். இணையத்தில் காய்கள் தாமாகவே அடுக்கிக்கொள்கின்றன. ஜெயித்தவர் தாவலை மூடிவிட்டுப் போய்விடலாம். அந்த வசதிதான் நம்மை ஊமையாக்குகிறது.

செய்ய வேண்டியது இது. ஆட்டம் முடிந்ததும் அதை ‘ஸ்டடி’ என்ற பகுதியில் போட்டு, புதியவரைப் பங்களிப்பாளராக அழையுங்கள். இருவரும் ஒரே பலகையில் காய்களை நகர்த்திப் பார்க்கலாம், அம்பு வரையலாம், கருத்து எழுதலாம். நிலையை எண்ணால் மதிப்பிடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற கணினி நிரலை முதலில் அணைத்து வையுங்கள். அது திறந்திருந்தால் இருவரும் எண்ணைத்தான் பார்ப்பீர்கள், பலகையைப் பார்க்க மாட்டீர்கள்.

‘இது தவறான நகர்வு’ என்று தொடங்காதீர்கள். ‘இந்த இடத்தில் என்ன யோசித்தீர்கள்?’ என்று கேளுங்கள். பத்தில் ஆறு முறை அவர் ஏதோ ஒன்றைச் சரியாகவே யோசித்திருப்பார், பாதியில் நின்றிருப்பார். பிறகு நீங்கள் எங்கே பயந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ‘பதினான்காவது நகர்வில் உங்கள் குதிரை நடுவுக்கு வந்திருந்தால் நான் திண்டாடியிருப்பேன்’ என்ற வாக்கியம், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில், மூன்று பாராட்டுகளுக்குச் சமம். பொய்யாகச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பாடம் போதும். திறப்பு முறை, நடு ஆட்டம், இறுதி ஆட்டம் எல்லாவற்றையும் ஒரே இரவில் ஊட்டப் பார்க்கும் ஆர்வக்கோளாறு எங்களிடமும் ஒருவருக்கு இருந்தது. அவரிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

ஆறாம் படி: போட்டியில் சேர்ப்பது

குறித்த நேரத்துக்குள் முடிந்த அளவு ஆட்டங்களை அடுத்தடுத்து ஆடும் அரீனா வகைப் போட்டி பார்க்க விறுவிறுப்பானது. வெற்றிக்கு இரண்டு புள்ளி, தொடர்ந்து ஜெயித்தால் இரட்டிப்பு. சிறிய குழுவில் புதியவருக்கு அது ஒரு அரைவை இயந்திரம். சுவிஸ் முறையை எடுங்கள். சமமான புள்ளி உள்ளவர்கள் மோதுவதால் மூன்றாம் சுற்றுக்குள் அவருக்கு ஏற்ற எதிராளி கிடைத்துவிடுவார்.

ஆனால் முதல் சுற்றில் ஒரு பொறி இருக்கிறது. பட்டியலை ரேட்டிங்படி அடுக்கி, மேல்பாதியின் முதல் ஆளைக் கீழ்ப்பாதியின் முதல் ஆளோடு மோதவிடுவது சுவிஸ் வழக்கம். பதினாறு பேர் என்றால் முதலாமவர் ஒன்பதாமவரோடு ஆடுவார். கேள்விக்குறியோடு 1500-இல் நிற்கும் புதியவர் பல குழுக்களில் அந்த ஒன்பதாம் இடத்தில்தான் வந்து உட்காருவார்! எங்களுக்கு இது மூன்று முறை நடந்த பிறகே காரணம் விளங்கியது. எண் ஓரளவு நிலைபெறும் வரை அவரைத் தனி ஆட்டங்களில் ஆடவிட்டுப் பிறகு போட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்கு எதிராளி இல்லாமல் ஒரு புள்ளி தானாகக் கிடைக்கும். பெரும்பாலும் அது கடைசியில் இருப்பவருக்குப் போகும். ‘என்னை ஒதுக்கிவிட்டார்கள்’ என்று அவர் நினைப்பதற்கு முன் விளக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: சந்தேகம் வந்தால்

புதிதாக வந்த ஒரு பையன் எங்கள் மூத்த ஆட்டக்காரர் இருவரை வரிசையாக வென்றான். அவர்களில் ஒருவர் பொதுக் குழுவிலேயே “கணினி உதவியா தம்பி?” என்று எழுதிவிட்டார். சிரிப்புப் படம் ஒன்றும் போட்டிருந்தார். பையன் அன்றிரவே வெளியேறினான். அவன் நான்காண்டுகளாகப் பயிற்சிக்குப் போகிறவன் என்பது பின்னால் தெரிந்தது. அந்தக் கேள்வியை நான் உடனே நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை; என் தவறு அது.

இப்போது விதி ஒன்றே: சந்தேகத்தைக் குழுவில் எழுதக் கூடாது. லிசெஸ்ஸில் புகார் செய்யும் வசதி உண்டு; ஆட்டங்களை ஆராய்ந்து முடிவெடுப்பது அவர்கள் வேலை. நமக்குச் சொல்ல வேண்டியிருந்தால் நிர்வாகிக்குத் தனிச் செய்தி. அதுபோலவே, தோற்றுக்கொண்டிருக்கும்போது நகர்த்தாமல் கடிகாரம் தீரும்வரை எதிராளியைக் காக்கவைக்கும் பழைய உறுப்பினர் இருந்தால் அவரையும் குழுவில் கண்டிக்காமல் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம்

நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் புதியவர் பெயர், சேர்ந்த தேதி, முதல் ஆட்டம் யாரோடு, ஆட்டத்துக்குப் பின் யார் பேசினார்கள் என்று நான்கு பத்தி போட்டு எழுதி வைக்கிறேன். நான்காவது பத்தி காலியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை நானே கூப்பிடுவேன். இந்த வாரம் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவரோடு தலைமையாசிரியர் ஆடுவதாகச் சொல்லிவிட்டார். இன்னொருவருக்கு இரவு பத்தரைக்கு மேல்தான் வேலை முடியுமாம். அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.