முன்னும் பின்னும் அளந்த எண்களை ஒப்பிடுவது: பேர்டு டி-டெஸ்ட் செய்யும் முறை

ஒரே ஆட்களை ஒருமுறை அளந்து, நடுவில் மருந்தோ பயிற்சியோ பாடமோ ஏதோ ஒன்று கொடுத்து, அதே ஆட்களை மறுபடி அளந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது பேர்டு டி-டெஸ்ட், தமிழில் இணை டி-சோதனை. நர்சிங், எம்.எட்., பிசியோதெரபி ஆய்வேடுகளில் ப்ரீ-டெஸ்ட், போஸ்ட்-டெஸ்ட் என்று வருகிற இடமெல்லாம் இதுதான். சாஃப்ட்வேரில் பட்டனை அழுத்துவது இரண்டு நிமிட வேலை. சொதப்புகிற இடமெல்லாம் அதற்கு முன்னாலேயே, ஜோடியைக் காப்பாற்றுகிற விஷயத்தில்தான் இருக்கிறது, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

டெஸ்டின் உள்ளே மர்மம் எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் பின் அளவிலிருந்து முன் அளவைக் கழிக்க வேண்டும். இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு பட்டியல், வித்தியாசங்களின் பட்டியல். அதன் சராசரி பூஜ்யத்தை விட்டு விலகி நிற்பது தற்செயலாக இருக்குமா, இருக்காதா என்பதுதான் கேள்வி. முன் அளவும் பின் அளவும் தனித்தனியாக எப்படி இருந்தன என்பது டெஸ்டுக்குத் தெரியவே தெரியாது.

எண்களோடு பார்த்தால் புரியும். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் பயோமெட்ரிகா இதழில் இந்த டெஸ்டுக்கு அடித்தளம் போட்ட கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது கஷ்னியும் பீபிள்ஸும் 1905-இல் வெளியிட்ட தூக்க மருந்துத் தரவு. 10 நோயாளிகள், இரண்டு மருந்துகள்; மருந்தில்லாமல் தூங்கியதைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பதுதான் அளவு. முதல் மருந்துக்கு 0.7, −1.6, −0.2, −1.2, −0.1, 3.4, 3.7, 0.8, 0, 2.0. இரண்டாவதற்கு, அதே ஆட்கள், அதே வரிசையில்: 1.9, 0.8, 1.1, 0.1, −0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4. இது கண்டிப்பாக முன்-பின் என்று சொல்ல முடியாது, ஒரே ஆளுக்கு இரண்டு நிலைகள், ஆனால் கணக்கு அப்படியே ஒன்றுதான். ஆர் மென்பொருளில் 'ஸ்லீப்' என்ற பெயரில் இந்தத் தரவு கூடவே வருகிறது, செய்து பார்க்க வசதி.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. சராசரி 1.58. திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது, 1.23. அதை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு, 0.389. சராசரியைத் திட்டப் பிழையால் வகுக்க வேண்டும்: 1.58-ஐ 0.389-ஆல் வகுத்தால் 4.06. இதுதான் டி. டிகிரி ஆஃப் ஃப்ரீடம், சுருக்கமாக டி.எஃப்., ஜோடிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, ஆக 9. அட்டவணையில் 9-க்கு நேரே, இருபக்க (கூடுவது, குறைவது என்று இரண்டு திசையையும் பார்க்கும்) 5 சதவீதத்துக்கு 2.262 என்று இருக்கும், நம் 4.06 அதைத் தாண்டிவிட்டது. பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய டி தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.003-க்குப் பக்கம்.

இப்போது இதே 20 எண்களை ஜோடி என்று பார்க்காமல், வெவ்வேறு 10 பேர் கொண்ட இரண்டு குழு என்று நினைத்து சாதாரண டி-டெஸ்ட் போட்டுப் பாருங்கள். டி வெறும் 1.86, பி மதிப்பு 0.08. சராசரி வித்தியாசம் அதே 1.58 மணி நேரம்தான், ஆனால் முடிவு தலைகீழ். காரணம், 6-ஆவது, 7-ஆவது ஆட்கள் எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்குகிறவர்கள், 5-ஆவது ஆளுக்கு எதைக் கொடுத்தாலும் தூக்கம் கூடவில்லை. ஆளுக்கு ஆள் இருக்கிற அந்த வேறுபாடு கழிக்கும்போது தானாகவே போய்விடுகிறது, குழுவாகப் பார்த்தால் எல்லாம் உள்ளேயே கிடந்து திட்டப் பிழையை 0.389-லிருந்து 0.849-க்கு ஏற்றிவிடுகிறது.

அதனால் ஜோடி கலைந்தால் எல்லாம் போச்சு. எக்செலில் ஒரு வரி ஒரு ஆள் என்று வையுங்கள், முதல் காலத்தில் (நெடுவரிசையில்) அடையாள எண், அடுத்து முன், அடுத்து பின். யாராவது ஒரு காலத்தை மட்டும் செலக்ட் செய்து ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் ஆளும் அளவும் மாறிப்போகும், எக்செல் முதலில் ஒருமுறை எச்சரிக்கும், அதில் 'தேர்ந்தெடுத்ததை மட்டும் அடுக்கு' என்பதைக் கொடுத்துவிட்டால் பிறகு எந்தப் பிழைச் செய்தியும் வராது, விடை மட்டும் தப்பாக வரும். இன்னொரு பெரிய வில்லங்கம் பெயரில்லாத கேள்வித்தாள். முன் தேர்வு 40 தாள், பின் தேர்வு 40 தாள், ஆனால் எது யாருடையது என்று தெரியாது! இதற்குப் பிறகு எந்தப் புள்ளியியல் நிபுணரிடம் போனாலும் ஜோடி சேர்த்துத் தர முடியாது. பெயர் கேட்க வேண்டாம் என்றால் பரவாயில்லை, தரவு சேகரிக்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு கொடுத்து இரண்டு தாளிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். பின் அளவுக்கு வராமல் போனவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள், ஆனால் எத்தனை பேர் வரவில்லை, ஏன் என்பதை எழுதியாக வேண்டும், ஏனென்றால் பலன் கிடைக்காதவர்கள்தான் பாதியில் நின்றிருக்கலாம்.

அடுத்து நார்மாலிட்டி. இயல்நிலைப் பரவலில், அதாவது நடுவில் அதிகம், இரு ஓரமும் குறைவு என்ற மணி வடிவில், இருக்க வேண்டியது வித்தியாசங்கள். முன் அளவுக்கு ஒரு ஷாபிரோ-வில்க் (இயல்நிலையா என்று பார்க்கும் சோதனை), பின் அளவுக்கு ஒரு ஷாபிரோ-வில்க் என்று தனித்தனியாகப் போட்டுப் பக்கத்தை நிரப்புவது தேவையில்லாத வேலை. வித்தியாசக் காலத்தை ஒரு படமாகப் போட்டுப் பாருங்கள், அதுவே பாதி சொல்லிவிடும். மேலே உள்ள தரவில் 9-ஆவது ஆளின் 4.6 மட்டும் தனியாக நிற்கிறது. அது இருப்பதால்தான் முடிவு சாதகமாக வந்தது என்று தோன்றும், ஆனால் அவரை நீக்கிப் பார்த்தால் சராசரி 1.24-ஆகக் குறைகிறது, டி மட்டும் 5.66-க்கு ஏறுகிறது. அந்த ஒரு எண் சராசரியைவிட திட்ட விலக்கத்தைத்தான் அதிகமாக வீங்க வைத்திருந்தது. இதைச் சொல்வது யாரையும் நீக்குவதற்காக அல்ல, அளந்ததில் தவறு இருந்தால் ஒழிய நீக்கக் கூடாது. ஆட்களும் குறைவு, வித்தியாசங்களும் இயல்நிலையிலிருந்து ரொம்ப விலகி இருக்கின்றன என்றால், எண்களுக்குப் பதில் அவற்றின் தரவரிசையைப் பார்க்கும் வில்காக்சன் சைன்டு ரேங்க் டெஸ்டுக்குப் போகலாம்.

எக்செலில் டி.டெஸ்ட் ஃபார்முலாவில் முன் காலம், பின் காலம், அப்புறம் 2, அப்புறம் 1 கொடுத்தால் போதும்: 2 என்றால் இருபக்கம், 1 என்றால் பேர்டு. அது பி மதிப்பை மட்டும் தரும். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் அனலைஸ், அதற்குள் கம்பேர் மீன்ஸ், அதற்குள் பேர்டு சாம்பிள்ஸ். ஆரில் இரண்டு காலங்களையும் தனித்தனியாகக் கொடுத்து பேர்டு என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். பழைய வீடியோக்களில் காட்டுகிற, 'அளவு ~ குழு' என்று எழுதும் ஃபார்முலா வடிவம் ஆர் 4.4 பதிப்பிலிருந்து பேர்டுக்கு வேலை செய்யாது. ஒருபக்கமா இருபக்கமா என்பதைத் தரவைப் பார்த்த பிறகு முடிவு செய்யாதீர்கள், சந்தேகம் இருந்தால் இருபக்கம்.

எழுதும்போது "முன்னேற்றம் சிக்னிஃபிகன்ட்" (பி மதிப்பு 0.05-க்குக் கீழே) என்று ஒரு வரியில் முடிப்பவர்கள்தான் அதிகம். எவ்வளவு மாறியது என்பதுதானே படிப்பவருக்கு வேண்டும்? இப்படி எழுதலாம்: இரண்டாவது மருந்தில் சராசரியாக 1.58 மணி நேரம் கூடுதல் தூக்கம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.70 முதல் 2.46 வரை, டி 4.06, டி.எஃப். 9, பி 0.003. எதிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், எடைக் குறைப்பு மாதிரி விஷயத்தில் மைனஸ் வந்தால் அது நல்லதா கெட்டதா என்று குழம்பும்.

சரி, பி மதிப்பு சின்னதாக வந்துவிட்டது, உங்கள் பயிற்சிதான் காரணமா? அதை இந்த டெஸ்ட் சொல்லாது. ரத்த அழுத்தம் அதிகமாகக் காட்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் சராசரி கொஞ்சம் இறங்கும், ஏனென்றால் அன்றைக்கு மட்டும் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அதில் இருப்பார்கள். அதே கேள்வித்தாளை இரண்டாம் முறை எழுதினாலே மதிப்பெண் கூடலாம். இதற்காகத்தான் கட்டுப்பாட்டுக் குழு வைக்கிறோம். ஆனால் வைத்த பிறகும் ஆய்வேடுகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது: பயிற்சிக் குழுவுக்கு ஒரு பேர்டு டி-டெஸ்ட், சிக்னிஃபிகன்ட், கட்டுப்பாட்டுக் குழுவுக்கு இன்னொன்று, சிக்னிஃபிகன்ட் இல்லை, ஆகவே பயிற்சி பலன் தந்தது என்கிறார்கள். ஒன்று 0.04, மற்றது 0.06 என்று வந்தாலும் இதே வாக்கியத்தை எழுத முடியும், அப்போது இரண்டுக்கும் உண்மையில் பெரிய வித்தியாசமே இருக்காது. செய்ய வேண்டியது, ஒவ்வொருவரின் மாற்றத்தையும் கணக்கிட்டு, இரண்டு குழுக்களின் மாற்றங்களைச் சாதாரண டி-டெஸ்டால் நேருக்கு நேர் ஒப்பிடுவது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் முன் அளவைக் கோவேரியட்டாக வைக்கும், அதாவது முன் அளவில் இருந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு குழுக்களை ஒப்பிடும் அன்கோவா இன்னும் நல்லது.

அளவு எண்ணாக இல்லாமல் ஆம், இல்லை என்று இருந்தால் மெக்நெமார் டெஸ்ட். மூன்று, நான்கு முறை அளந்திருந்தால் இரண்டிரண்டாகப் பிரித்து டி-டெஸ்டாகப் போட்டுத் தள்ளாமல் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா அல்லது மிக்ஸ்டு மாடல் பக்கம் போங்கள், அதிலும் ஒரு ஆளுக்கு ஒரு அடையாள எண் என்கிற விதி அப்படியேதான்.