எல்லாம் பச்சை, ஆனாலும் நம்பாதீர்கள்: இன்டர்பிரட்டர் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக நிரல்மொழி எழுதிப் பார்க்கிறவர்கள் ஏறத்தாழ எல்லோருமே ஒரே மாதிரிதான் சோதனைகளைத் தொடங்குகிறார்கள். ஒரு ஃபோல்டரில் குட்டிக் குட்டி நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன அச்சாக வேண்டும் என்று சொல்லும் கோப்பு, இன்டர்பிரட்டர் (நிரலைப் படித்து நேரடியாக ஓட்டும் மென்பொருள்) அச்சிடுவதை அதோடு ஒப்பிட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். தொடக்கத்துக்கு இது நல்ல வழிதான். சிக்கல் என்னவென்றால், அந்த ஸ்கிரிப்ட் நூறு முறை பச்சை (எல்லாம் வெற்றி) காட்டிய பிறகு நாம் அதைக் கேள்வி கேட்பதே இல்லை. தோற்கும் சோதனையை உடனே திறந்து பார்க்கிறோம். தவறான காரணத்தால் ஜெயிக்கும் சோதனையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

விடையை மாணவனிடமே கேட்பது

எதிர்பார்க்கும் வெளியீட்டைக் கையால் எழுதுவது சலிப்பூட்டும் வேலை. அதனால் இன்டர்பிரட்டரை ஒரு முறை ஓட்டி, அது அச்சிட்டதை அப்படியே கோப்பில் சேமித்துவிடுகிறோம். இதற்கென்றே ரன்னரில் (சோதனைகளை ஓட்டும் அந்த ஸ்கிரிப்டில்) ஓர் 'அப்டேட்' வசதி வைத்திருப்பவர்களும் உண்டு. இதனால் தெரிவது ஒன்றுதான்: மொழி நேற்று நடந்துகொண்டது போலவே இன்றும் நடந்துகொள்கிறது. நேற்று நடந்ததே தப்பு என்றால் அதையும் சேர்த்துக் காவல் காக்கும்.

-7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் என்ன வரும்? சி மொழியில் -3, பைத்தானில் -4. இரண்டுக்கும் நியாயம் உண்டு. உங்கள் மொழி பைத்தான் வழியில் போகும் என்று கையேட்டில் எழுதிவிட்டு, இன்டர்பிரட்டரை சி-யில் எழுதி, வகுத்தலை யோசிக்காமல் சி-யிடமே ஒப்படைத்திருந்தால், -3 சத்தமில்லாமல் விடைக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு யாராவது அதைச் சரிசெய்தால், சோதனை அவரைத்தான் குற்றவாளி ஆக்கும்.

கையால் கணக்கிட்டால் மட்டும் தப்பித்தோமா? 1964-இல் கணினி அறிவியல் மேதை டொனால்ட் க்னூத், அல்கால் 60 என்ற மொழியின் கம்பைலர்கள் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுபவை) ரிகர்ஷனையும் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) வெளி ஸ்கோப்பில் (சுற்றியுள்ள பகுதியில்) உள்ள மாறிகளையும் ஒழுங்காகக் கையாள்கின்றனவா என்று பார்க்க 'மேன் ஆர் பாய்' என்ற சின்ன நிரலை வெளியிட்டார். விடை -121 ஆக இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. சரியான விடை -67. க்னூத்துக்கே அப்படி என்றால் நமக்கு என்ன! விடையை மொழியின் விதியிலிருந்து எடுங்கள், முடிந்தால் தனியாக எழுதப்பட்ட இன்னொரு இன்டர்பிரட்டரிலும் ஓட்டிப் பாருங்கள். அப்டேட் வசதியைப் பயன்படுத்தினால், மாறிய ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுச் சேமியுங்கள். நாற்பது கோப்புகள் ஒரே நேரத்தில் மாறும்போது யாரும் படிப்பதில்லை என்பதும் தெரிந்த கதைதான். அதனால் ஒரு சோதனை ஒரே விஷயத்தை மட்டும் அச்சிடுவது நல்லது.

தோற்கவே முடியாத சோதனைகள்

கொஞ்சம் வளர்ந்ததும் சோதனைகளை நம் மொழியிலேயே எழுத ஆசை வரும். ஓர் 'அஸர்ட்' ஃபங்ஷன், அதற்குள் ஓர் 'இஃப்': இரண்டு மதிப்புகளும் சமமில்லை என்றால் பிழை காட்டு. சரி, அந்த 'இஃப்' கெட்டுப்போய் எந்த நிபந்தனையையும் பொய் என்றே எடுத்துக்கொண்டால்? ஆயிரம் சோதனைகளும் ஜெயிக்கும். சமன் பார்க்கும் குறி எல்லாவற்றுக்கும் 'சமம்' என்று சொன்னாலும் அதே கதை. நோயாளியே தெர்மாமீட்டரைப் படித்துச் சொல்வது போல.

பெர்ல் மொழி இதை முதலிலேயே புரிந்துகொண்டது. அதன் மூல நிரலில் இருக்கும் அடித்தளச் சோதனைகள் எந்தச் சோதனை நூலகத்தையும் நம்புவதில்லை. 'ஓகே 1', 'ஓகே 2' என்று வெறுமனே அச்சிடுகின்றன. அச்சிடுவது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு நிபந்தனைகள், அப்புறம் மற்றவை என்று படிப்படியாக ஏறுகின்றன. 1987-இல் பெர்லின் முதல் பதிப்போடு வந்த இந்த வடிவத்தில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. சோதனைக் கோப்பு தொடங்கும்போதே '1..5' என்று, தான் எத்தனை சோதனை செய்யப்போகிறேன் என அறிவித்துவிடுகிறது. இன்டர்பிரட்டர் மூன்றாவதோடு அமைதியாக வெளியேறிவிட்டால், தோற்ற சோதனை என்று ஒன்றும் இருக்காது. ஆனால் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

ரன்னரும் பொய் சொல்லும். பில்டு (மூல நிரலிலிருந்து இன்டர்பிரட்டரை உருவாக்குவது) தோற்றுப்போய், நேற்றைய பழைய பைனரியையே ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஃபோல்டரின் பெயர் மாறியதில் ஒரு கோப்பும் கிடைக்காமல், 'பூஜ்யம் தோல்வி' என்று பெருமையாகச் சொல்லலாம். விடைக் கோப்பும் காலி, வெளியீடும் காலி, ஆகவே வெற்றி என்று முடிவு கட்டலாம். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: இன்டர்பிரட்டரை வேண்டுமென்றே உடையுங்கள். கூட்டலைக் கழித்தலாக மாற்றுங்கள், லூப்பை விட்டு வெளியேறும் 'பிரேக்' எதுவும் செய்யாமல் போகட்டும், 'சிறியது' என்ற குறியை 'சிறியது அல்லது சமம்' ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சோதனையாவது சிவப்பாக வேண்டும். ஆகவில்லை என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது. வரிகளில் எத்தனை சதவீதம் ஓடியது என்று காட்டும் கவரேஜ் எண்ணைவிட இந்த ஒரு மணி நேர வேலை அதிகம் சொல்லும்.

பிழை வந்தது சரி, எந்தப் பிழை?

அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தினால் பிழை வர வேண்டும் என்று ஒரு சோதனை எழுதுகிறீர்கள். எழுதும்போது ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டீர்கள். இன்டர்பிரட்டர் இலக்கணப் பிழை காட்டுகிறது, ரன்னர் 'பிழை வந்தது, வெற்றி' என்கிறது. நீங்கள் சோதிக்க நினைத்த இடத்துக்கு நிரல் போகவே இல்லை.

ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வச் சோதனைத் தொகுப்பான டெஸ்ட்262 இதற்குக் கறாரான வழி வைத்திருக்கிறது. தோற்க வேண்டிய ஒவ்வொரு நிரலும், பார்சிங்கின்போது (நிரலின் இலக்கணத்தை அலசும்போது) தோற்க வேண்டுமா அல்லது ஓடும்போதா என்பதையும், எந்த வகைப் பிழை என்பதையும் தலைப்பகுதியிலேயே சொல்லியாக வேண்டும். நம் தொகுப்பிலும் இந்த இரண்டோடு வரி எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். பல வரிகள் நீளும் சரத்துக்கோ (எழுத்துத் தொடர்) கமெண்டுக்கோ அப்புறம் வரும் பிழையில் வரி எண் தவறாக இருப்பது சகஜம். ஆனால் செய்தியின் ஒவ்வொரு சொல்லையும் ஒப்பிட வேண்டாம். அப்படிச் செய்தால் செய்தியை மேம்படுத்தவே பயம் வந்துவிடும்.

இன்னொன்று: பிழை காட்டுவது வேறு, செத்து விழுவது வேறு. லினக்ஸ் ஷெல்லில் வெளியேறும் எண் (நிரல் முடியும்போது தருவது, பூஜ்யம் என்றால் வெற்றி) 139 என்றால் அது செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு இன்டர்பிரட்டரே செத்துவிட்டது. 'பூஜ்யம் இல்லை என்றால் பிழை' என்று மட்டும் பார்க்கும் ரன்னருக்கு அதுவும் வெற்றிதான். உங்கள் இன்டர்பிரட்டர் பிழைக்கென்று எந்த எண்ணைத் தருகிறதோ, அதை மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சாதுவான நிரல்கள் மட்டும்

மொழியை எழுதியவரே சோதனைகளையும் எழுதும்போது, தன் மொழியை நோகடிக்கக் கை வராது. எண்கள் 1, 2, 10. பட்டியலில் மூன்று உறுப்புகள். பக்குகள் (நிரல் பிழைகள்) குடியிருப்பது எல்லைகளில்.

64 பிட் குறியுள்ள எண்களில் மிகச் சிறியது -9223372036854775808. இதை நிரலில் அப்படியே எழுத முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பல இன்டர்பிரட்டர்கள் கழித்தல் குறியைத் தனி டோக்கனாக (நிரலின் மிகச் சிறிய துண்டாக) எடுப்பதால், மீதமிருக்கும் 9223372036854775808 அளவுக்குள் அடங்காமல் போகும். அப்புறம் அதை -1-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 64 பிட்டில் கொள்ளாது. சி-யில் எழுதிய இன்டர்பிரட்டர் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) கணினியில் ப்ராசஸரே குறுக்கிட்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். பூஜ்யத்தால் வகுப்பதைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள் விழும் இடம் இது. மீதி காணும் குறிக்கும் இதே ஆபத்து உண்டு.

பைட்கோடு (இன்டர்பிரட்டர் ஓட்டுவதற்காக நிரலை மாற்றிக்கொள்ளும் சுருக்கக் கட்டளைகள்) எழுதுகிறீர்களா? மாறிலிகளின் (நிரலில் வரும் மாறா மதிப்புகளின்) சுட்டெண் ஒரு பைட் என்றால் 256 வரை சமத்தாக ஓடும், 257-ஆவது முதல் மாறிலியின் இடத்தில் போய் ஏறும். தாவும் தூரத்துக்கு 16 பிட் என்றால், 65535 பைட்டைத் தாண்டும் 'இஃப்' உடம்பு ஒன்று வேண்டும். இவற்றைக் கையால் எழுத முடியாது, ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்கித் தரட்டும். அதே ஸ்கிரிப்ட் ஒரு லட்சம் திறப்பு அடைப்புக்குறிகளை வரிசையாக வைத்த கோப்பையும் தரட்டும். ரிகர்ஷனில் ஓடும் பார்சர் அதை எப்படித் தாங்குகிறது என்று பார்க்கலாம்.

குப்பை சேகரிப்பானும் (நிரலுக்கு இனி தேவைப்படாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி) இப்படித்தான் தப்பிக்கிறது. பத்து வரிச் சோதனை நிரல் ஒதுக்கும் நினைவகம் மிகக் குறைவு, அதனால் சேகரிப்பான் ஒரு முறைகூட ஓடாமலே நிரல் முடிந்துவிடும். ஆயிரம் சோதனைகள் இருந்தாலும் ஆயிரமும் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு ஒதுக்கீட்டின்போதும் சேகரிப்பானைக் கட்டாயமாக ஓட்டும் ஒரு முறையை இன்டர்பிரட்டரில் வையுங்கள். ரூபியில் 'ஜிசி ஸ்ட்ரெஸ்', ஃபயர்ஃபாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான ஸ்பைடர்மங்கியில் 'ஜிசிஜீல்' என்று இதற்கென்றே வசதிகள் இருக்கின்றன. அதோடு அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியையும் சேர்த்து பில்டு செய்து ஓட்டினால், விடுவித்த நினைவகத்தைத் தொடும் இடங்கள் பிடிபடும். பயங்கர மெதுவாகத்தான் ஓடும், இரவில் ஓட்டுங்கள்.

ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் விடைகள்

டிக்‌ஷனரியை (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பை) அச்சிடும்போது வரிசை உறுதி இல்லை என்றால் சோதனை அதை நம்பக்கூடாது. பைத்தான் 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து சரங்களின் ஹாஷை (சேமிக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) ஒவ்வோர் ஓட்டத்திலும் தற்செயலாக்குகிறது. கோ மொழி, யாரும் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவே மேப்பின் (அதுவும் அதே வகைத் தொகுப்புதான்) வரிசையைக் கலைக்கிறது. பொருளின் நினைவக முகவரியை அச்சிடும் நிரல்களுக்கும் இதே கதிதான்.

கொஞ்சம் தந்திரமானது வெளியீட்டுப் பஃபர், அதாவது வெளியீட்டைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம். டெர்மினலில் ஓட்டும்போது சாதாரண வெளியீடு வரிக்கு வரி வரும். ரன்னர் அதை பைப்பில் வாங்கும்போது மொத்தமாகச் சேர்ந்து வரும், பிழை வெளியீடோ உடனே வரும். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தால் வரிசை தலைகீழாகும். தனித்தனியாகப் பிடியுங்கள்.

சரங்களுக்கு ஆங்கில எழுத்துகளை மட்டும் கொடுத்துச் சோதிப்பதும் இதே குடும்பம். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8 குறிமுறையில் 15 பைட், 5 குறியீட்டுப் புள்ளிகள் (யூனிகோடு எண்கள்), கண்ணுக்கு 3 எழுத்து. நீளம் கேட்டால் எது வர வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறீர்களா? 'மொ' என்பதை இரண்டு புள்ளிகளாகவும் எழுதலாம், மூன்றாகவும் எழுதலாம், பார்க்க ஒன்றே. மாறியின் பெயராக வந்தால் பைத்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது, சரமாக வந்தால் வேறு வேறாகவே வைத்துக்கொள்கிறது. உங்கள் மொழி எதைச் செய்தாலும் சரி, அதைச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கட்டும்.

தனித்தனியாகச் சரி, சேர்ந்தால்?

லூப்புக்கு ஒரு கோப்பு, குளோஷருக்கு (வெளி மாறிகளை நினைவில் வைத்திருக்கும் ஃபங்ஷன்) ஒரு கோப்பு, விதிவிலக்குக்கு (எக்ஸெப்ஷன்) ஒரு கோப்பு. எல்லாம் பச்சை. லூப்புக்குள் 'ட்ரை', அதற்குள் 'பிரேக்', கடைசியில் 'ஃபைனலி' என்று ஒன்றாக வைத்தால் ஸ்டாக் (இடைக்கால மதிப்புகளின் அடுக்கு) கலைந்துவிடலாம். எல்லாக் கூட்டணிகளையும் மனிதர் யோசித்து எழுத முடியாது, நிரல்களைத் தானாக உருவாக்கும் கருவி வேண்டும். சிஸ்மித் என்ற கருவி இப்படி சி நிரல்களைத் தற்செயலாக உருவாக்கி, பல கம்பைலர்களின் விடைகளை ஒப்பிட்டு, அதுவரை அறியப்படாத 325-க்கும் மேற்பட்ட பக்குகளைக் கண்டுபிடித்ததாக 2011-இல் அதன் ஆய்வுக் கட்டுரை சொன்னது. நம் குட்டி மொழிக்கு இன்னொரு செயலாக்கம் எங்கே கிடைக்கும் என்றால், நிரலின் மரவடிவை நேரடியாக ஓட்டும் பழைய ட்ரீ வாக்கரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். புதிய பைட்கோடு மெஷினுக்கு அதுதான் ஒப்பிட ஆள். நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசரை அணைத்து ஒரு முறை, போட்டு ஒரு முறை ஓட்டினாலும் பாதிப் பயன் கிடைக்கும்.

இப்படிப் பிடிபடும் நிரல்கள் நூற்றுக்கணக்கான வரி நீளும். பக் போகாத வரை ஒவ்வொரு வரியாக வெட்டி, ஐந்தாறு வரியாகச் சுருக்கித் தொகுப்பில் சேருங்கள். முக்கியமாக, பக்கைத் திருத்துவதற்கு முன்பே சேருங்கள். ஓட்டிப் பாருங்கள், சிவப்பாகிறதா? அதைப் பார்த்த பிறகு இன்டர்பிரட்டரில் கை வையுங்கள்.