டிஎன்எஸ் மாற்றுப்பெயர்ப் பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஒரு சிறிய தங்கும் விடுதியின் இணையதளத்தை வேறொரு சேவையகத்துக்கு நான் மாற்றிக்கொடுத்தபோது, தளம் எல்லா இடங்களிலும் ஒழுங்காகத் திறந்தது. ஆனால் அறை கேட்டு எழுதியவர்களின் மின்னஞ்சல்களில் சில வந்தன, சில வரவில்லை. காரணத்தைத் தேடியதில், நான் சேர்த்திருந்த ஒற்றை வரியில் வந்து நின்றேன். இணையப் பெயருக்கு உரிய ஐபி முகவரியை, அதாவது சேவையகத்தின் எண் முகவரியைச் சொல்லும் அமைப்புதான் டிஎன்எஸ். அதில் விடுதியின் முதன்மை டொமைன் பெயருக்கே (முன்னால் www போன்ற எதுவும் சேராத பெயர்) சி-நேம் என்னும் மாற்றுப்பெயர்ப் பதிவு போட்டிருந்தேன். நாங்கள் பயன்படுத்திய டிஎன்எஸ் சேவையும் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது.

இப்பதிவை "இந்தப் பெயரின் ஐபி முகவரியை அந்தப் பெயரிடம் வாங்கிக்கொள்" என்று பொருள்கொள்வதே பெரும்பாலான பிழைகளுக்கு வேர். அதன் உண்மையான பொருள், "இது மாற்றுப்பெயர் மட்டுமே, எதைக் கேட்பதானாலும் மூலப்பெயரிடம் கேள்" என்பதாகும். புதுச்சேரிக்காரர்கள் பீச் ரோடு என்பதும் குபேர் சாலை என்பதும் ஒரே சாலைதான். பீச் ரோட்டுக்கென்று தனியாக ஒரு கட்டடம் இருக்க முடியாது. அதுபோல, சி-நேம் உள்ள பெயருக்கு வேறு எந்தப் பதிவும் இருக்கலாகாது என்று 1987ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1034 என்னும் இணையத் தர ஆவணம் விதிக்கிறது. டிஎன்எஸ் விடை போலியல்ல என்று உறுதிசெய்யப் பின்னாளில் வந்த டிஎன்எஸ்செக் கையொப்பப் பதிவுகள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு.

முதன்மை டொமைன் பெயரிலோ, டொமைனின் அடிப்படை விவரங்களைத் தரும் எஸ்ஓஏ பதிவும், அதன் டிஎன்எஸ் சேவையகங்களைச் சொல்லும் என்எஸ் பதிவுகளும் கட்டாயம் இருந்தாக வேண்டும். ஆகவே அங்கே சி-நேமுக்கு இடமே இல்லை. பைண்ட் என்னும் டிஎன்எஸ் சேவையக மென்பொருள், இத்தகைய தவறு உள்ள பதிவுக் கோப்பை ஏற்றவே மறுத்துவிடும், அது நல்லது. சகித்துக்கொள்ளும் சேவைகளில்தான் ஆபத்து அதிகம். அனுப்புநரின் பக்கத்தில் டிஎன்எஸ் விடைகளைத் தேடித்தரும் சேவையகம் முன்பே சி-நேமை நினைவில் வைத்திருந்தால், அஞ்சலை எந்தச் சேவையகத்துக்கு அனுப்புவது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைக் கேட்கும்போதும் மூலப்பெயருக்கே போய்விடும். அங்கே எம்எக்ஸ் இல்லையென்றால், அஞ்சல் இணையதளச் சேவையகத்தின் கதவைத் தட்டித் திரும்பும். நினைவில் இல்லையென்றால் சரியான எம்எக்ஸ் கிடைத்துவிடும். சில அஞ்சல்கள் மட்டும் தொலைந்ததன் விளக்கம் இதுவே. சி-நேம் பதிவை நீக்கி, ஐபி முகவரியையே சொல்லும் ஏ மற்றும் ஏஏஏஏ பதிவுகளை நேரடியாக இட்ட பிறகும், நினைவுக் காலத்தை (பழைய விடையைத் தேடும் சேவையகங்கள் சேமித்து வைக்கும் நேரம்) 86400 வினாடிகளாக வைத்திருந்ததால் ஒரு நாள் முழுவதும் காத்திருக்க நேர்ந்தது.

முகவரி அடிக்கடி மாறும் என்றால், மூலப்பெயரைத் தானே தேடி முகவரியாக மாற்றித் தரும் வசதியைச் சில சேவைகள் அளிக்கின்றன. அது பொதுத் தரமன்று, சேவைக்குச் சேவை வேறுபடும். 2023இல் ஆர்எஃப்சி 9460 வரையறுத்த, எச்டிடிபிஎஸ் என்றே பெயர்கொண்ட டிஎன்எஸ் பதிவு வகை முதன்மைப் பெயரிலும் மாற்றுப்பெயர் வைக்க வழிசெய்கிறது என்றாலும், அதை மட்டும் நம்பி ஏ பதிவை நீக்கும் காலம் இன்னும் வரவில்லை.

எம்எக்ஸ், என்எஸ் பதிவுகள் சுட்டும் பெயர் மாற்றுப்பெயராக இருக்கக்கூடாது என்பது 1997இன் ஆர்எஃப்சி 2181இல் தெளிவாக உள்ளது. டிஎன்எஸ் பதிவுக் கோப்பைக் கையால் எழுதுவோர், மூலப்பெயரின் இறுதியில் புள்ளி வைக்க மறக்கக்கூடாது. மறந்தால் உங்கள் டொமைன் பெயர் அதன் வாலில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். மேலும், சி-நேம் உலாவியின் முகவரிப் பட்டையை மாற்றுவதில்லை; பாதுகாப்புச் சான்றிதழும் பயனர் தட்டச்சு செய்த பெயருக்கே தேவை.

எல்லாவற்றிலும் என்னைக் கவலைகொள்ள வைப்பது, கைவிடப்பட்ட பதிவு. கடலூர் தேவனாம்பட்டினத்து மாசிமகத்துக்கென்று ஒரு துணைப்பெயரை உருவாக்கி, அதை வாடகை மேகச் சேவை ஒன்றுக்குச் சுட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விழா முடிந்து சேவையை மூடியபின் சி-நேம் அப்படியே கிடந்தால், அந்தச் சேவையில் அதே பெயரை வேறொருவர் பதிவுசெய்து, உங்கள் பெயரிலேயே நன்கொடைப் பக்கம் திறக்க முடியும். முறையான சான்றிதழும் பெற்றுவிடலாம், டொமைன் முழுமைக்கும் பொதுவான குக்கிகளையும் (தளம் பயனரின் உலாவியில் சேமிக்கும் சிறு தகவல்கள்) படிக்கலாம். ஆகவே முதலில் டிஎன்எஸ் பதிவை நீக்கி, நினைவுக் காலம் கழிந்த பிறகே சேவையை மூட வேண்டும்.